கல்முனைக் கரையிலிருந்து விண்வெளி வரை: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

மருதமுனைத் தறிக்கும் உங்கள் கையில் இருக்கும் போனுக்கும் சொந்தம் உண்டு, தெரியுமா?

நம்ப முடியவில்லையா? கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியில் கொஞ்சம் வடக்கே போனால் மருதமுனை. சாரன், சாரி என்று கைத்தறிக்குப் பெயர்போன ஊர். தறியில் உட்கார்ந்திருப்பவரின் காலைப் பாருங்கள். ஒரு மிதியை அழுத்துகிறார். பாவு நூல்களில் சில மேலே எழும்புகின்றன, மற்றவை கீழேயே நிற்கின்றன. நடுவில் திறந்த இடைவெளிக்குள் நாடா சடக்கென்று பாய்கிறது. அடுத்த மிதி! இப்போது வேறு நூல்கள் மேலே! ஒவ்வொரு நூலுக்கும் இரண்டே நிலைதான்: மேலே, அல்லது கீழே. கணினிக்குள்ளும் இரண்டே நிலைதான்: ஒன்று, அல்லது பூச்சியம்!

இது வெறும் ஒற்றுமை என்று நினைக்கிறீர்களா? இல்லை! 1804ஆம் ஆண்டில் பிரான்ஸின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்காட், துளையிட்ட அட்டைகளைத் தறியில் மாட்டினார். துளை இருந்தால் நூல் எழும், இல்லாவிட்டால் எழாது. அட்டைக்கட்டை மாற்றினால் பூ மாறும், தறி அப்படியே இருக்கும்! ஒரே இயந்திரத்துக்கு வேறு வேறு கட்டளை கொடுப்பதுதானே மென்பொருள்? பிறகு ஜக்காட்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு எத்தனை அட்டைகள் தேவைப்பட்டன தெரியுமா? 24,000!

அந்தப் பட்டுப் படம் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்தவர் யார்? கணினியின் தந்தை எனப்படும் சார்ள்ஸ் பபேஜ்! தன் கணக்குப் பொறிக்குக் கட்டளை கொடுக்க அவர் தேர்ந்தெடுத்ததும் அதே துளை அட்டைகள்தான். அந்தப் பொறிக்காக 1843இல் அடா லவ்லேஸ் என்ற பெண் கட்டளைத் தொடர் ஒன்றை எழுதி வெளியிட்டார். வியப்பு என்னவென்றால், அந்தப் பொறி கட்டி முடிக்கப்படவே இல்லை! இல்லாத கணினிக்கு நிரல் எழுதியவர்தான் உலகின் முதல் நிரலாளராகக் கொண்டாடப்படுகிறார்.

1890இல் அமெரிக்காவின் குடிசன மதிப்பீட்டை எண்ணியதும் துளை அட்டைதான். அதைச் செய்த ஹெர்மன் ஹொலரித்தின் கம்பனி 1911இல் வேறு கம்பனிகளோடு சேர்ந்தது. 1924இல் அதற்கு வைத்த புதுப் பெயர் என்ன? ஐபிஎம்!

நிலவுக்குப் போன கணினியைப் பெண்கள் கையால் நெய்தார்கள், தெரியுமா?

அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டிக் கணினிக்கு நிரல் எப்படி ஏற்றப்பட்டது? ரேதியன் கம்பனியின் தொழிற்சாலையில் பெண்கள் உட்கார்ந்து, மெல்லிய செப்புக் கம்பியைக் குட்டிக் குட்டிக் காந்த வளையங்களுக்குள் கோத்தார்கள். வளையத்துக்கு உள்ளே போனால் ஒன்று, வெளியே போனால் பூச்சியம்! நிலையான நினைவகம் முழுவதும் 36,864 சொற்கள்தான். இன்றைய கணக்கில் 72 கிலோபைட்! நீங்கள் காலையில் அனுப்பிய ஒரு படம்கூட அதற்குள் அடங்காது. அதை வைத்துக்கொண்டு நிலவில் இறங்கித் திரும்பியும் வந்துவிட்டார்கள்! மருதமுனையில் பாவு ஓட்டிய எந்தப் பெண்ணையும் அந்தத் தொழிற்சாலையில் உட்கார வைத்திருந்தால் வேலையை ஒரு நாளில் பிடித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சுனாமியிலிருந்து பிறந்த இலங்கை மென்பொருள்

2004 டிசம்பர் 26. இந்தக் கரையில் அந்தத் திகதியை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கும் மேல்.

அந்த நாட்களில் பள்ளிக்கூடங்களும் பள்ளிவாசல்களும் முகாம்களாகின. யார் எந்த முகாமில்? எந்தக் குழந்தையை யார் தேடுகிறார்? எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது, எந்த ஊருக்கு ஒன்றுமே போகவில்லை? எல்லாம் கடதாசியில், ஆளுக்கொரு பட்டியலாக இருந்தன. கொழும்பில் இருந்த நிரலாளர்கள் சிலர் தம் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, சில நாட்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். அதன் பெயர் சஹனா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, தேவைகளின் பதிவு, உதவும் அமைப்புகளின் பதிவு எல்லாம் ஒரே இடத்தில்!

பிறகு நடந்ததுதான் பெரிய அதிசயம். மூலநிரலை இலவசமாக, திறந்தபடியே வெளியிட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கம் வந்தபோது அங்கே போனது. 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கம் என்று கண்டம் கண்டமாகப் பயணித்தது! கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலத் திட்ட விருது 2006ஆம் ஆண்டுக்கு சஹனாவுக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே விருதைப் பெற்றது எது தெரியுமா? விக்கிப்பீடியா!

இலங்கைத் தொழில்நுட்பத்தில் பெருமைப்பட எவ்வளவோ உண்டு. என்னைக் கேட்டால் முதலிடம் இதற்குத்தான்.

லண்டன் பங்குச் சந்தையின் இதயம் மாலபேயில்!

உலகின் மிகப் பழைய பங்குச் சந்தைகளில் ஒன்று லண்டனுடையது. அதன் வியாபாரத்தை ஓட்டும் மென்பொருளை எழுதியது யார்? கொழும்புக்குப் பக்கத்து மாலபேயில் இருந்த மில்லேனியம் ஐடி! 1996இல் டோனி வீரசிங்க தொடங்கிய கம்பனி. அதன் வேலையைப் பார்த்த லண்டன் பங்குச் சந்தை என்ன செய்தது? மென்பொருளை மட்டும் வாங்கவில்லை. 2009இல் கம்பனியையே 30 மில்லியன் டொலருக்கு வாங்கிவிட்டது!

வேகத்தைக் கேளுங்கள். 2010இல் டர்குவாய்ஸ் என்ற சந்தையில் இந்த மென்பொருள் ஒரு கட்டளையை முடிக்க எடுத்த நேரம் சராசரியாக 126 மைக்ரோ செக்கன்! ஒரு செக்கனைப் பத்து இலட்சமாகப் பிரித்து, அதில் 126 பங்கு! நீங்கள் ஒரு தடவை கண் இமைப்பதற்குள் ஏறத்தாழ 800 கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக முடித்துவிடலாம்!

கூகிளையே திரும்பிப் பார்க்க வைத்த மொறட்டுவை

மாணவர்கள் திறந்த மூல மென்பொருள் எழுத கூகிள் உதவித்தொகை கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. 2005இல் தொடங்கியது. முதல் பத்து ஆண்டுகளில் அதற்கு உலகிலேயே அதிக மாணவர்களைக் கொடுத்த பல்கலைக்கழகம் எது? அமெரிக்காவா? இந்தியாவா? இல்லை! இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம்!

அதே 2005இல் சஞ்ஜீவ வீரவரண உள்ளிட்டவர்கள் தொடங்கிய கம்பனி டபிள்யூஎஸ்ஓ2. சஹனாவுக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவரும் இதே சஞ்ஜீவதான்! உலகமே பொருள் வாங்கும் ஈபே தளத்துக்குள் இந்தக் கம்பனியின் இலவச மென்பொருள் ஒரு நாளைக்கு 100 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்களைச் சுமந்தது! இவர்கள் புதிய நிரல்மொழி ஒன்றையும் உருவாக்கினார்கள். பெயர் பலரினா. 2019இல் முதல் முழுப் பதிப்பு வந்தது. 2024இல் ஐரோப்பிய முதலீட்டு நிறுவனமான ஈக்யூடி இந்தக் கம்பனியை வாங்கியபோது விலை என்ன? 600 மில்லியன் டொலருக்கு மேல்!

நீங்கள் முச்சக்கர வண்டி பிடிக்கும் பிக்மி செயலியும் நம் நாட்டுச் சரக்குதான். ஜிஃப்ரி சுல்பர் 2015இல் தொடங்கிய அந்தக் கம்பனி 2024இல் கொழும்புப் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது!

இலங்கையின் கடிகார மாற்றத்தை உலகக் கணினிகள் இன்னும் மறக்கவில்லை, தெரியுமா?

“பழைய நேரமா, புது நேரமா?” இந்தக் கேள்வி நினைவிருக்கிறதா? 1996 மே மாதம் நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னே வந்தது. 2006 ஏப்ரலில் இன்னும் அரை மணி நேரம் பின்னே வந்து, பழைய இடத்திலேயே நின்றது! இத்தனையையும் உங்கள் போன் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது. உலகின் நேர மாற்றங்களையெல்லாம் தன்னார்வலர்கள் ஒரு பட்டியலாகப் பராமரிக்கிறார்கள். அதில் கொழும்பு என்ற பெயரின் கீழ் இந்த மூன்று மாற்றங்களும் பதிவாகி இருக்கின்றன!

இன்னொரு திகதியைக் குறித்து வையுங்கள்: 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கன்! பழைய கணினிகள் 1970 தொடக்கத்திலிருந்து செக்கன்களை எண்ணிக்கொண்டே வருகின்றன. அவற்றால் எண்ணக்கூடிய கடைசி எண் 2,147,483,647. அதைத் தொட்ட அடுத்த செக்கனில், திருத்தப்படாத கணினி எந்த ஆண்டுக்குப் போகும் தெரியுமா? 1901க்கு!

போனில் கிப்லா பார்க்கிறீர்களா? அதற்கு ஐன்ஸ்டைனும் வேண்டும்!

கல்முனையிலிருந்து மக்காவுக்கு நேர்த்தூரம் 4,700 கிலோமீற்றருக்கு மேல். திசை? நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 24 பாகை! போன் இதை நொடியில் சொல்லிவிடுகிறது. எப்படி? 20,000 கிலோமீற்றருக்கும் மேலே சுற்றும் ஜிபிஎஸ் செய்மதிகளில் குறைந்தது நான்கைக் கேட்டு, முதலில் நீங்கள் நிற்கும் இடத்தைக் கணிக்கிறது.

அந்தச் செய்மதிகளின் கடிகாரம் தரையிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ செக்கன் வேகமாக ஓடுகிறது! காரணம் ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு. இந்தத் துளி வித்தியாசத்தைத் திருத்தாமல் விட்டால் என்ன ஆகும்? ஒரே நாளில் 10 கிலோமீற்றர் பிழை! சாய்ந்தமருதில் நிற்பவரை நிந்தவூரையும் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்திவிடும்!

செய்மதியே இல்லாத காலத்தில் இதே கணக்கைப் போட்டவர் ஒருவர் உண்டு. அல்பிரூனி! கஸ்னி நகரத்தின் கிப்லாவைச் சரியாகக் கணிக்க, ஊர்களின் அகலக்கோடு, நெடுங்கோடுகளை அளக்கும் முறை பற்றி ஒரு முழு நூலே எழுதி 1025இல் முடித்தார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கணிதம் இன்று உங்கள் சட்டைப் பையில்!

அதற்கும் முன்னே, ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் மூவர் தானாக வாசிக்கும் புல்லாங்குழல் ஒன்றை வடிவமைத்தார்கள். சுழலும் உருளையில் முனைகள். முனைகளின் இடத்தை மாற்றினால் ராகம் மாறும்! ஜக்காட்டின் தறிக்கு ஏறத்தாழ 950 ஆண்டுக்கு முன்!

கடலடியில் ஒன்று, வானத்தில் ஒன்று

நாடுகளுக்கு இடையேயான இணையத் தகவல்களில் 95 வீதத்துக்கும் மேல் எதன் வழியாகப் போகிறது? செய்மதி வழியாக என்றால் தவறு! கடலடிக் கேபிள் வழியாகத்தான். நம் தெற்கில் மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 கேபிள் 20,000 கிலோமீற்றர் நீளம். சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை! ஆழ்கடலில் இந்தக் கேபிள்களின் தடிப்பு 2 சென்ரிமீற்றர் அளவுதான்.

2004 ஓகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பலின் நங்கூரம் அப்போதிருந்த கேபிளை அறுத்தது. என்ன நடந்தது? ஒரே ஒரு நங்கூரத்தால் நாடு முழுவதும் இணையம் படுத்துவிட்டது!

சரி, வானத்துக்கு வாருங்கள். இலங்கையர் இருவர் உருவாக்கிய ராவணா-1 செய்மதியின் எடை எவ்வளவு? ஏறத்தாழ ஒரு கிலோ! கடையில் வாங்கும் சீனிப் பக்கெட் அளவு பாரம்தான். தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா விதானகே ஆகிய இரு பொறியியலாளர்கள் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் அதைக் கட்டினார்கள். 2019 ஏப்ரலில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17இல் அங்கிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. ஒரு தடவை பூமியைச் சுற்ற அதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் எடுத்தது. அதாவது நாளொன்றுக்குச் சுமார் 16 சூரிய உதயங்கள்!

செய்மதித் தொடர்பு என்ற யோசனையைக் கட்டுரையாக எழுதி உலகுக்குச் சொன்னவரும் இலங்கைவாசியாகத்தான் வாழ்ந்து மறைந்தார், தெரியுமா? ஆர்தர் சி. கிளார்க்! 1945இல், 27 வயதில் எழுதினார். பூமியிலிருந்து 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தினால் செய்மதி ஒரே இடத்தின் மேல் நிற்கும் என்று விளக்கினார். உங்கள் வீட்டு டிஷ் அன்டனா திரும்பி நிற்பது அந்த உயரத்தை நோக்கித்தான்! 1956இல் இலங்கைக்கு வந்தவர், 2008இல் மறையும்வரை இங்கேயே இருந்தார்.

பெற்றோல் வரிசையில் பார்த்த அந்தச் சதுரம்

2022ஐ மறக்க முடியுமா? ஜூலையில் தேசிய எரிபொருள் அட்டை வந்தது. வரிசையில் நின்ற ஒவ்வொரு கையிலும் ஒரு கியூஆர் குறியீடு! அது பிறந்தது 1994இல், ஜப்பானின் டென்சோ கம்பனியில். வாகன உதிரிப்பாகங்களை எண்ணுவதற்காக மசஹிரோ ஹாராவின் குழு செய்தது. ஒரு குறியீட்டுக்குள் 7,089 இலக்கங்கள் வரை அடைக்கலாம்! 30 வீதம் வரை அழிந்தாலும் வாசிக்கலாம்! மழையில் நனைந்து கசங்கிய கடதாசியைக்கூட வாசிக்க முடிந்தது இதனால்தான்!

வானொலியில் இணையம் பார்த்த ஊர்

1990களின் கடைசியில், கொத்மலை சமூக வானொலியில் ஒரு நிகழ்ச்சி. நேயர் கேள்வி அனுப்புவார். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, கிடைத்ததை உள்ளூர் மொழியில் விளக்குவார். கணினியைத் தொட்டுப் பார்க்காத ஊர் முழுவதும் காதால் இணையம் பார்த்தது! யுனெஸ்கோ துணைநின்ற இந்தத் திட்டத்தை உலகமே வந்து படித்துவிட்டுப் போனது.

தென்னாசியாவில் முதலில் கைத்தொலைபேசி ஒலித்த நாடும் இலங்கைதான். ஆண்டு 1989! கிராமத்து நெனசல அறிவகங்களின் மின்நூலகத் திட்டத்துக்கு 2014இல் கேட்ஸ் அறக்கட்டளை கொடுத்த பரிசு 10 இலட்சம் டொலர்! 2016 பெப்ரவரியில் கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வானிலிருந்து இறங்கியது என்ன? இணையம் தருவதற்காகக் கூகிள் பறக்கவிட்ட ராட்சத பலூன்!

தமிழிலேயே நிரல் எழுதலாம், தெரியுமா?

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழியில் ஆங்கிலச் சொல்லே வேண்டாம். இதோ:

பதிப்பி "வணக்கம் கல்முனை!"

இவ்வளவுதான்! கணினி அதைத் திரையில் காட்டும். நிபந்தனை போட வேண்டுமா?

@( வயது >= 18 ) ஆனால்
பதிப்பி "வாக்களிக்கலாம்"
இல்லை
பதிப்பி "கொஞ்சம் பொறுங்கள்"
முடி

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைக் காட்டிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்ளும். நிரலாக்கம் கற்க முதலில் ஆங்கிலம் கற்று முடிக்க வேண்டும் என்று நம் பிள்ளைகளை நிறுத்தி வைப்பது பெரிய அநியாயம்.

இணைய முகவரியின் கடைசித் துண்டு தமிழில் வரும் நாடுகள் எத்தனை? மூன்று! இலங்கை, இந்தியா, சிங்கப்பூர். நம் நாட்டுக்கு 2010இல் அனுமதி கிடைத்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கியது எப்போது தெரியுமா? 1985இல்! இணையமே வீடுகளுக்கு வராத காலம்! 2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்பத்தில் கட்டியெழுப்பியவர் ஒரு கட்டடக் கலைஞர்! யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன், ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் காத்திருக்கின்றன. நம் ஊர்களில் அச்சான பழைய மலர்களும் அங்கே உண்டு, தேடிப் பாருங்கள்!

பெரிய நகரம்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமம். 2011இல் சோஹோ கம்பனி அங்கே அலுவலகம் திறந்தது. வயல் ஓரத்தில் எழுதப்படும் மென்பொருளை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள்! திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதத்தின் ஃபிரெஷ்வர்க்ஸ் 2021 செப்டெம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்குப் போனபோது, 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரே நாளில் கோடீஸ்வரர்கள்! போரிலிருந்து மீண்ட யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் என்ற தன்னார்வக் குழு ஆண்டுதோறும் இளைஞர்களுக்குப் போட்டி வைத்து, யோசனையைக் கம்பனியாக்கப் பழக்குகிறது!

நம் கரையில்? 1995இல் அட்டாளைச்சேனையில் சிறிதாகத் தொடங்கிய கல்லூரி, எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியில் மறு ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. இன்று ஒலுவிலில் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும், சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. உம்மாவின் கையால் சோறு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி, கணினி விஞ்ஞானம் படிக்கலாம்!

கடைசியாக ஒரு கேள்வி. போனிடம் தமிழில் பேசினால், நம் கரையின் பேச்சு அதற்குப் புரிகிறதா? “ராத்தா எங்க இரிக்கா?” என்று கேட்டுப் பாருங்கள்! கணினி, கேட்ட குரல்களிலிருந்துதான் மொழியைக் கற்கிறது. மொஸில்லாவின் காமன் வொய்ஸ் திட்டத்தில் தமிழ் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாக்கியங்களை வாசித்துக் குரல் கொடுக்கலாம், சதம்கூடச் செலவில்லை. இன்று இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வாப்பாவையும் ராத்தாவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நம் கரையின் குரலை நாமே கொடுப்போம்!